வால்வு ப்ரீஆம்ப் வாங்காதீங்க, கட்டுங்க

இசைத்தட்டுக்கும் வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயருக்கும் மறுபடி மவுசு வந்திருக்கு. வெளிநாட்டுப் பெட்டிக்கு லட்சத்துல விலை சொல்றாங்க, வாங்கவும் ஆள் இருக்கு. நான் சொல்றது ஒண்ணுதான். அதுல சின்ன பெட்டியான போனோ ப்ரீஆம்ப்பையாவது வாங்காதீங்க, வீட்டுலயே கட்டுங்க. நெல்லு போடுறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழட்டி மாட்டிப் பழகின கைக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. சொர்ணவாரி அறுப்புக்கும் சம்பா நாத்துக்கும் நடுவுல கிடைச்ச நாள்ல நான் ரெண்டு கட்டியிருக்கேன்.

முதல்ல அதோட வேலை என்னன்னு பார்ப்போம். இப்ப வர்ற காந்த கார்ட்ரிட்ஜ் கொடுக்கிறது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயருக்கு அதைப்போல நூறு மடங்காவது வேணும். அந்தக் காலத்து கல்யாண மைக் செட்டுக்கு இந்தப் பெட்டி தேவைப்படலை, கிரிஸ்டல் பிக்கப்பே நூத்துக்கணக்கான மில்லிவோல்ட் கொடுத்துடும்.

பெருசாக்குறது பாதி வேலைதான். தட்டுல பாட்டை அப்படியே வெட்டுறது கிடையாது. பேஸ் சத்தத்தை முழுசா வெட்டினா ஊசி ஓடுற பள்ளம் ரொம்ப வளைஞ்சு பக்கத்துப் பள்ளத்தை இடிக்கும். வாய்க்கால்ல தண்ணியை அளவில்லாம திறந்தா பக்கத்து வயலுக்குப் பாயுற மாதிரி. அதனால பதியும்போது பேஸைக் குறைச்சு, கீச்சு சத்தத்தை ஏத்தி வெட்டுறாங்க. கேக்கும்போது அதைத் தலைகீழா மாத்தணும்.

இதுக்கு 1954-ல அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளோட சங்கம் ஒரே கணக்கு வெச்சது. ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்குன்னு பேரு. 3180, 318, 75 மைக்ரோ செகண்ட், இந்த மூணு எண்தான் மொத்த சூட்சுமமும். ரெசிஸ்டர் மதிப்பையும் கெப்பாசிட்டர் மதிப்பையும் பெருக்கினா வர்ற நேரம் அது. பத்தாங்கிளாஸ் பெருக்கல் வகுத்தல் போதும், காகிதத்துலயே போட்டுடலாம்.

வால்வு இ.சி.சி.83. அமெரிக்கப் பேரு 12ஏ.எக்ஸ்.7. ஒரே கண்ணாடிக்குள்ள ரெண்டு ட்ரையோடு, ஒவ்வொண்ணும் 50 மடங்கு போல பெருக்கும். நடுவுல அந்த மூணு எண் சர்க்யூட், அது பத்துல ஒரு பங்காக் குறைக்கும். இடது, வலதுக்கு ஆளுக்கொரு வால்வு. ஒரு காலத்துல பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்லயே பிலிப்ஸ் கம்பெனி துணையோட வால்வு செஞ்சாங்க. அந்தப் பழைய சரக்கை இன்னிக்கு வெளிநாட்டுக்காரங்க தேடி வாங்குறாங்க. மத்த சாமான் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும்.

உண்மையான தொல்லை 'ம்ம்ம்'னு வர்ற கரண்ட் இரைச்சல்தான். பேஸைத் தூக்கிவிடும்போது 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஏழு மடங்கு போல சேர்ந்து ஏறும். எர்த்தை ஒரே இடத்துல சேர்க்கணும், டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைக்கணும், வால்வு சூடாகுற ஹீட்டருக்கு டி.சி. கொடுக்கணும். எங்க ஊர்ல மூணு பேஸ் வந்து எல்லா மோட்டாரும் ஒண்ணா ஓடினா வோல்டேஜ் இறங்கி வால்வு மங்கும். அதையும் கணக்குல எடுக்கணும்.

ஒரு எச்சரிக்கை. இதுல 250 வோல்ட் டி.சி. ஓடும், ஆளைக் கொல்லும். ஸ்விட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல நிக்கும். அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் போடுங்க. மீட்டர் வெச்சு இறங்கிடுச்சான்னு பார்க்காம கை வைக்காதீங்க. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நேரா லைன்ல இருந்து எடுக்கவே கூடாது. பசங்களைத் தனியா விடாதீங்க.

வால்வுலதான் பாட்டு நல்லா இருக்கும்னு நான் சொல்ல வரலை. ஒரு சின்ன ஐ.சி. இதைவிடக் குறைஞ்ச காசுல, குறைஞ்ச இரைச்சலோட இதே வேலையைச் செய்யும். ஆனா ஐ.சி.க்குள்ள நடக்குறது கண்ணுக்குத் தெரியாது. வால்வுல ஒவ்வொரு ரெசிஸ்டரையும் விரலால தொட்டுக் காட்டி, இது எதுக்கு, இதை எடுத்தா என்ன ஆகும்னு சொல்லலாம்.

இது ஏன் முக்கியம்னா, எங்க பக்கத்துப் பசங்க கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் பஸ்ல போறாங்க. சம்பளம் வருது, வீடு நடக்குது, அதுல குறை இல்லை. ஆனா எட்டு மணி நேரம் ஒரே பாகத்தை மாட்டுறவனுக்கு முழுப் பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியறதில்லை. அவன் இடத்துக்கு நாளைக்கு மெஷின் வந்தா கையில எதுவும் மிஞ்சாது. எங்க அப்பா காலத்து மைக் செட்காரர் தன்னோட பெட்டியைத் தானே திறந்து சரிபண்ணினார். அந்த அறிவு நம்ம கண்ணு முன்னாடி போயிட்டிருக்கு.

ஐ.டி.ஐ.ல ஒவ்வொரு பையனும் பொண்ணும் ஒரு பொருளையாவது தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் தானே கட்டணும்னு வெச்சா நல்லது. அதுவரைக்கும் நகரத்து நண்பர்களுக்கு ஒரு யோசனை. தாத்தா விட்டுட்டுப்போன தட்டு பரண்ல இருந்தா, லட்சம் ரூபாய் பெட்டியைத் தேடாதீங்க. உங்க தெருவுல இன்னும் டி.வி., ரேடியோ ரிப்பேர் பண்ற பெரியவர் யாராவது இருப்பார். அவரைக் கூட உக்கார வெச்சு, உங்க பிள்ளையோட சேர்ந்து கட்டுங்க. அவருக்கு உண்டான கூலியையும் கொடுங்க.