அப்பாவின் உளியும் நான் வாங்கிய ஸ்பிரேயும்

ரொம்ப நாளா எதுவும் எழுதலை. இன்டர்னல்ஸ், அசைன்மென்ட்னு வழக்கமான சாக்கு எல்லாம் இருக்கு, விடுங்க. இன்னிக்கு எழுதப்போறது துருவைப் பத்தி. ஆமாம், இரும்புல பிடிக்குமே, அதே துருதான். பி.காம் படிக்கிறவனுக்கு துருவோட என்ன வேலைன்னு கேக்கிற நண்பர்கள் கடைசி வரைக்கும் படிங்க. கணக்குப் பதிவியல்லதான் கொண்டுபோய் முடிக்கப்போறேன் :-)

எங்கப்பா தச்சு வேலை செய்யறவர். அடையாறுல சின்னதா ஒரு பட்டறை. போன மழைக்காலத்துல பெசன்ட் நகர்ல, எலியட்ஸ் பீச்சுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மென்ட்ல அலமாரி வேலை எடுத்திருந்தார். பாதி வேலையில வீட்டுக்காரர் மைக்கா நிறத்தை முடிவு பண்ணாம மூணு வாரம் இழுத்துட்டார். சாமான் எல்லாம் அங்கேயே பால்கனியில, ஒரு ரெக்ஸின் பையில.

இங்கதான் நான் வர்றேன். டியூஷன் எடுத்த காசுல மயிலாப்பூர்ல ஒரு ஹார்டுவேர் கடையில துருவைத் தடுக்கிற ஸ்பிரே ஒண்ணு வாங்கினேன். விலை கொஞ்சம் ஜாஸ்திதான். எந்த பிராண்டுன்னு சொல்லப்போறதில்லை, ஏன்னா தப்பு டப்பா மேல இல்லை. உளி, இழைப்புளி, ரம்பம்னு ஒவ்வொண்ணா கையில எடுத்து, புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சு, பையில திரும்ப வச்சேன். "இனிமே கவலையே வேண்டாம்ப்பா"ன்னு வேற சொன்னேன்.

மூணு வாரம் கழிச்சுப் பையைத் திறந்தா, உளி முதுகு எல்லாம் ஆரஞ்சுப் புள்ளி. இழைப்புளி பிளேடு சொரசொரன்னு ஆயிடுச்சு. அதைவிடக் கொடுமை, தாத்தா வச்சிருந்த ஒண்ணரை இன்ச் உளி மேல அஞ்சு விரல் தடம் துருவாலேயே பதிஞ்சிருந்தது. என் விரல்தான். போலீஸ் நாய்கூட தேவையில்லை.

அப்பா திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை. ஞாயித்துக்கிழமை பாதி நாள் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வச்சுக்கிட்டு உட்கார்ந்து தேய்ச்சார். மத்ததெல்லாம் தேறிடுச்சு. தாத்தா உளி மட்டும் முனைப்பக்கம் குழி விழுந்து போயிருந்தது. குழி இருக்கிற எஃகுல கூர் நிக்காது. சாணை பிடிச்சு, பிடிச்சு, அரை இன்ச் போச்சு.

அதுக்கப்புறம்தான் எங்க தப்பு நடந்ததுன்னு உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுல தெரிஞ்ச விஷயம் இதுதான்: எந்த எண்ணெய் நல்லது, எந்த ஸ்பிரே நல்லதுன்னு நாம போடற சண்டை எல்லாம் ரெண்டாவது கேள்வி. சென்னையில முதல் கேள்வி உப்பு.

பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கும். இரும்பு, தண்ணி, ஆக்சிஜன் மூணும் சேர்ந்தா துரு. அதுல சொல்லாம விட்டது, உப்பு இருந்தா இந்த வேலை பல மடங்கு வேகமா நடக்கும்கிறது. இன்னொரு சூட்சுமமும் இருக்கு. நம்ம சமையல் உப்பு, காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா தானே தண்ணிய இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியறது அதனாலதான். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும், அதுக்கு 33 சதவீதம் ஈரப்பதமே போதும். சென்னையில ஈரப்பதம் அதுக்குக் கீழே இறங்கறது அபூர்வம். ஆக, கடல்காத்து கொண்டுவந்து போட்ட உப்பு ஒரு உளி மேல உட்கார்ந்துடுச்சுன்னா, நம்ம கண்ணுக்கு உளி காய்ஞ்ச மாதிரி தெரியும். ஆனா அந்தப் புள்ளி எப்பவும் ஈரமாதான் இருக்கும். என் கை வியர்வையிலயும் அதே உப்புதான்.

அதுமேல நான் எண்ணெய் அடிச்சேன். அதாவது எதிரியை வீட்டுக்குள்ள வச்சுட்டு வாசக்கதவைப் பூட்டினேன்.

உப்பு என்ன செய்யும்னு தெரிஞ்சுக்க பாம்பன் வரைக்கும் போகலாம். 1914ல திறந்த பழைய ரயில் பாலம் அது. இத்தனை வருஷமா பெயின்ட் அடிச்சு, பாகம் பாகமா மாத்திக் காப்பாத்தினாங்க. கடைசியில அரிப்பு தாங்காம 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல் 6 அன்னிக்குப் புதுப் பாலம் திறந்தாங்க. அதுல துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயின்ட் எல்லாம் பயன்படுத்தியிருக்காங்க. காரைக்குடியில இருக்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) உலோக அரிப்பைப் பத்தி ஆராய்ச்சி பண்றதுக்குன்னே பக்கத்துல மண்டபத்துல ஒரு நிலையம் வச்சிருக்கு. காரைக்குடியை விட்டுட்டு கடலோரமா ஏன் போனாங்கன்னு இப்பப் புரியுது.

சரி, இப்ப கடைக்குப் போவோம். என்னென்ன கிடைக்குது, எது எதுக்கு லாயக்கு? நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் இதோ.

1. நீரை விலக்கும் ஸ்பிரே. இந்த வகையில ரொம்பப் பிரபலம் டபிள்யூடி-40. பேரே கதை சொல்லுது. 1953ல அமெரிக்காவுல சான் டியாகோவுல அட்லஸ் ஏவுகணையோட வெளித்தோல் துருப்பிடிக்காம இருக்கக் கண்டுபிடிச்சது. ஆங்கிலத்துல 'நீரை விலக்குதல்'ங்கிற வார்த்தைகளோட முதல் எழுத்துதான் டபிள்யூடி. நாப்பதாவது முயற்சியில சரியா வந்ததால 40. நனைஞ்ச இரும்புல இருந்து தண்ணிய விரட்ட இந்த வகையை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா அதுல பெரும்பகுதி ஆவியாகிடும், மிச்சம் நிக்கிறது மெல்லிசான ஒரு படலம். நீண்ட நாள் பாதுகாப்புக்குன்னு அதே கம்பெனி தனியா வேற ஒரு தயாரிப்பு விக்குது. கம்பெனிக்கே தெரிஞ்ச வித்தியாசம் எனக்குத் தெரியலை.

2. தையல் மெஷின் எண்ணெய். சின்ன பாட்டில், மளிகைக் கடையிலகூட கிடைக்கும். தினமும் எடுத்துப் புழங்கற சாமானுக்கு இதுவே போதும். மெல்லிசு, அதனால சீக்கிரம் வழிஞ்சிடும். ஆனா மலிவு, அடிக்கடி துடைக்க மனசு வரும். என் ஓட்டு இதுக்குத்தான்.

3. சமையல் எண்ணெய். அரிவாள்மணைக்கும் தோசைக்கல்லுக்கும் இதைத் தவிர வேற எதையும் தொடாதீங்க. வாயில போற சமாச்சாரம். ஆனா இழைப்புளிக்கு நல்லெண்ணெய் வேண்டாம். நாள்பட்டா பிசின் மாதிரி ஒட்டும், மரத்தூள் எல்லாம் அதுல அப்பிக்கும், தூள் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

4. வண்டியில இருந்து வடிச்ச பழைய ஆயில். சென்ட்ரிங் பலகைக்கு அடிக்கிறாங்களேன்னு சிலர் சாமானுக்கும் பூசறாங்க. வேண்டவே வேண்டாம். எரிஞ்ச ஆயில்ல அமிலம் சேர்ந்திருக்கும், தோலுக்கும் கெடுதல்.

5. வாசலின், கிரீஸ். மாசக்கணக்குல எடுக்கப்போறதில்லைன்னா இதுதான். கெட்டியா நிக்கும், வழியாது. ரெண்டாம் உலகப் போர்ல துப்பாக்கிகளைக் கப்பல்ல அனுப்பறப்போ காஸ்மோலின்னு ஒரு கெட்டிப் பசையிலதான் முக்கி அனுப்பினாங்க. அதுவும் வாசலின் குடும்பம்தான். திரும்ப எடுத்துச் சுத்தம் பண்றது மட்டும் பெரும்பாடு.

6. மெழுகு. எண்ணெய் பட்டா மரத்துல கறை விழும், பாலிஷ் பிடிக்காது. அதனால இழைப்புளியோட அடிப்பகுதியில ஒரு மெழுகுவர்த்தியைத் தேய்ச்சுத் துடைச்சா போதும். சுலபமாவும் ஓடும்.

7. சிலிக்கா ஜெல் பொட்டலம். காத்துப் புகாத டப்பாவுக்குள்ளதான் வேலை செய்யும். ஜிப் போட்ட பையில போட்டா சென்னைக் காத்து முழுசையும் காயவைக்க முயற்சி பண்ணித் தோத்துப்போகும்.

இந்தப் பட்டியல்ல எதுவுமே மோசம் கிடையாது (அந்த நாலாவதைத் தவிர). ஒவ்வொண்ணும் ஒரு கால அளவுக்குப் பொருத்தம். இன்னிக்கு சாயங்காலத்துக்கு ஸ்பிரே, இந்த வாரத்துக்கு எண்ணெய், அடுத்த ஆறு மாசத்துக்கு கிரீஸ். ஆனா எதைப் பூசினாலும் அதுக்கு முன்னாடி உப்பு போயிருக்கணும். உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியிலதான் கரையும். அதனால கடற்கரைப் பக்கம் வேலை பார்த்த சாமானை முதல்ல தண்ணி நனைச்ச துணியால துடைக்கணும். துருப்பிடிக்காம இருக்கத் தண்ணியா? கேக்கறதுக்கு அபத்தமாதான் இருக்கு.

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்லை. துப்பாக்கிக்காரங்க நூறு வருஷமா செய்யறது. நான் காலேஜ்ல என்.சி.சி. கேம்ப்ல .22 ரைஃபிள் சுட்டு முடிச்சதும், துப்பாக்கியைத் திருப்பித் தர்றதுக்கு முன்னாடி குழலுக்குள்ள புல்-த்ரூ கயித்துல சிந்தித் துணியைக் கட்டி இழுத்து, கறுப்பு வராத வரைக்கும் துடைச்சு, அப்புறம் எண்ணெய்ச் சிந்தி ஒண்ணு இழுக்கணும். அதுக்கப்புறம் உலோகத்தை வெறும் கையால தொட்டா ஹவில்தார் முறைப்பார். "பசீனா, பசீனா" (வியர்வை) அப்படின்னு கத்துவார். அப்ப சிரிச்சோம். தாத்தா உளியில என் விரல் தடத்தைப் பார்த்தப்போதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சது.

உலகப் போர் காலத்துத் தோட்டாக்கள்ல பத்தவைக்கிற மருந்துல பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடா மாறிக் குழலுக்குள்ள படியும். அதுவும் ஒரு உப்புதான். எவ்வளவு எண்ணெய் போட்டாலும் குழல் உள்ளுக்குள்ள அரிச்சுப்போச்சு. அதனால பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஒரு புனல் வச்சு, குழலுக்குள்ள கொதிக்கிற தண்ணியை ஊத்திக் கழுவி, காயவச்சு, அப்புறம்தான் எண்ணெய் போட்டாங்க. இப்ப வர்ற தோட்டாக்கள்ல பெரும்பாலும் அந்த மருந்து கிடையாது. ஆனா வரிசை அதேதான்: கழுவு, காயவை, பூசு.

லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலி தேர்தலுக்குத் தேர்தல் வரும். நடத்தை விதி அமலுக்கு வந்தா பலர் துப்பாக்கியை ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலயோ ஒப்படைக்கணும். 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல மார்ச் 16ல இருந்து ஜூன் 6 வரைக்கும் விதி அமல்ல இருந்தது. கிட்டத்தட்ட மூணு மாசம், அதுவும் கோடையில, சொந்தக்காரர் துடைக்க முடியாத இடத்துல. அப்படிப்பட்ட நேரத்துக்கு மெல்லிசான ஸ்பிரே போதாது. சுத்தமாத் துடைச்சுக் கெட்டியா ஏதாவது பூசித்தான் கொடுக்கணும். திரும்ப எடுத்துச் சுடறதுக்கு முன்னாடி குழல்ல இருக்கிற பசையைத் துடைச்சே ஆகணும்கிறதும் சேர்ந்ததுதான்.

நம்ம ஊருக்குன்னு ஒரு எச்சரிக்கை. தண்ணியால துடைங்கன்னு சொன்னேன் இல்லையா, அது எந்தத் தண்ணி? கடலோரத்துல பல போர்வெல் தண்ணியே உப்புக் கரிக்கும். அதுல துடைச்சா உப்பை எடுத்துட்டு உப்பை வச்ச கதை. மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணியோ ஒரு டம்ளர் போதும். துடைச்ச உடனே காய்ஞ்ச துணியால ஒத்தி, ரெண்டு நிமிஷம் வெயில்லயோ ஃபேன் அடியிலயோ வைக்கணும். இந்த இடத்துலதான் அந்த ஸ்பிரே டப்பாவுக்கு உண்மையான வேலை. இடுக்குல நிக்கிற கடைசித் துளி தண்ணியை அது விரட்டும். அதுக்கு மேல எண்ணெய்த் துணி. நான் கடைசி வேலைக்கு வாங்கினதை நடு வேலைக்கு வாங்கியிருக்கணும், அவ்வளவுதான்.

"தி. நகர்ல இருக்கேன், எனக்கு இந்த வம்பெல்லாம் இல்லை"ன்னு சொல்லப்போறவங்களுக்கு: கடல்ல இருந்து தள்ளிப்போகப் போக உப்பு குறையும், உண்மை. உங்களுக்கு வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணி போதும். ஆனா உங்க கை வியர்வைக்கு பின்கோடு கிடையாது.

இப்ப பி.காம். கணக்குப் பதிவியல்ல தேய்மானம் பாடம் படிச்சிருப்பீங்க. இயந்திரத்துக்கு வருஷத்துக்கு 15 சதவீதம்னு கண்ணை மூடிக்கிட்டுக் கழிப்போம். ஆனா உளி, சுத்தியல் மாதிரி லூஸ் டூல்ஸுக்கு அந்த முறை கிடையாது. மறுமதிப்பீட்டு முறைதான். வருஷக் கடைசியில ஒவ்வொண்ணையும் எடுத்துப் பார்த்து, இப்ப என்ன பெறும்னு மதிப்புப் போட்டு, குறைஞ்சதை நஷ்டத்துல எழுதணும். அதாவது, சதவீதம் போட்டு ஒதுக்கிட முடியாத சொத்து. கையில எடுத்துப் பார்த்தே ஆகணும். இந்தப் பாடத்தை எழுதினவர் நிச்சயம் ஒரு தச்சரைப் பார்த்திருக்கணும்னு தோணுது.

நான் செஞ்ச தப்பும் அதுதான். ஒரு தடவை காசு கொடுத்துட்டா அப்புறம் பார்க்கவே வேண்டாம்னு நினைச்சு அந்த டப்பாவை வாங்கினேன். விளம்பரம் எல்லாம் நமக்கு விக்கிறது அந்த நினைப்பைத்தான். அப்பா நாப்பது வருஷமா ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள்ள எண்ணெய் ஊறின பனியன் துணி ஒண்ணு வச்சிருக்கார். வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு சாமானா துடைச்சு, முனையைத் தடவிப் பார்த்துதான் பையில வைப்பார். அன்னிக்கு என் ஸ்பிரேயை நம்பித்தான் அதைச் செய்யலை.

இப்ப சாயங்காலம் காலேஜ் விட்டு பட்டறைக்குப் போனா அந்த வேலை என்னுது. தாத்தா உளியைக் கடைசியா எடுப்பேன். அரை இன்ச் குட்டை. இந்த வருஷக் கடைசி மதிப்பீட்டுல அதுக்கு என்ன தொகை எழுதறதுன்னு மட்டும் இன்னும் தெரியலை.

பி.கு: உங்க வீட்டுல அரிவாள்மணைக்கும் சைக்கிள் செயினுக்கும் என்ன போடறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. பாட்டி வைத்தியமா இருந்தாலும் பரவாயில்லை :-)