கடலூர் சாலையின் ஓரம்

புதுச்சேரியில் இருவகைச் சைக்கிள்கள் ஓடுகின்றன. முதல் வகையை நாம் அஞ்சலட்டைகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் கண்டிருக்கிறோம். மஞ்சள் பூசிய சுவர், அதன்மீது படர்ந்த காகிதப்பூக் கொடி, கொடியின் கீழே சாய்த்து நிறுத்திய ஒரு சைக்கிள். இரண்டாம் வகை எந்தப் படத்திலும் இடம்பெறுவதில்லை. காலை ஆறு மணி தொட்டுத் தவளக்குப்பம், இடையார்பாளையம், நோணாங்குப்பம், அரியாங்குப்பம் ஆகிய ஊர்களிலிருந்து கடலூர் சாலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கு நோக்கி வருவது அது. கேரியரில் கட்டிய சோற்றுத் தூக்கும் ஹேண்டில்பாரில் தொங்கும் பையுமாக வருகிறவர்கள் கொத்தனார்கள், தச்சர்கள், இரவுக் காவல் மாற்றப் போகிறவர்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளிப் பிள்ளைகள். நாமும் நோணாங்குப்பத்திலிருந்து அவ்வரிசையில் நாள்தோறும் நகருக்குப் போய்வருகிறவர்களே. அந்த உரிமையில் இந்த இரண்டாம் வகைச் சைக்கிளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

நோணாங்குப்பம் நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தெற்கே, சுண்ணாம்பாற்றின் வடகரையில் இருக்கிறது. வெளியூரார் இதனைப் படகுக் குழாம் என்ற பெயராலேயே அறிவர். செஞ்சியிலிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை அண்டும்போது அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிகிறது. அவ்விரு கிளைகளுக்கும் இடையில் அமைந்தது நம் ஊர். எனவே நகருக்குச் செல்ல ஒரு பாலம், கடலூர்ப் பக்கம் செல்ல ஒரு பாலம். நடுவில் உள்ள நிலம் பாய் விரித்தாற்போலச் சமதளம். சைக்கிளுக்கென்றே படைத்த பூமி என்று புதியவர் எவரும் நினைக்கக்கூடும்.

ஒரு காலத்தில் அவ்வாறுதான் இருந்தது. 1898இல் தொடங்கி, ரோடியர் மில் என மக்களால் அழைக்கப்பட்டுப் பின்னாளில் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் ஆன ஆலை, இச்சாலை நகரைத் தொடுமிடத்தில் முதலியார்பேட்டையில் நின்றது. சுதேசி, பாரதி ஆலைகளும் சேர்ந்து நகரின் உழைப்பை ஈர்த்தன. 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை இவ்வூருக்கு அவ்வளவு விலை கொடுத்தே வந்து சேர்ந்தது. ஷிஃப்டு மாறும் வேளையில் தென்திசைச் சிற்றூர்களுக்குத் திரும்பும் ஆலைத் தொழிலாளரின் சைக்கிள்கள் சாலையை நிறைத்துச் சென்றதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அன்று சாலையின் நடுப்பகுதியும் சைக்கிளுக்குரியது. பேருந்துதான் மணியடித்து வழி கேட்க வேண்டும். ஆலைகள் நலிந்து, 2020இல் முற்றிலுமாக மூடப்பட்டன. அவற்றுக்கு வெகுகாலம் முன்னரே சாலை கைமாறிவிட்டது. சென்னையிலிருந்து புதுவை வழியாகக் கடலூர், சிதம்பரம் செல்லும் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் விரையும் தேசிய நெடுஞ்சாலை அது. சனி, ஞாயிறுகளில் சுற்றுலாக் கார்களும் சேர்ந்துகொள்ளும்.

சைக்கிளுக்கு மிஞ்சியிருப்பது ஓரம் மட்டுமே. அந்த ஓரம் எத்தகையது என்பதை, காரில் செல்பவர் ஒருநாளும் அறியப்போவதில்லை. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை சில விரற்கடை உயர்கிறது. பக்கத்து மண் உயர்வதில்லை. பின்னாலிருந்து காற்றொலிப்பான் அலறியதும் இடப்புறம் இறங்கினால் சக்கரம் அந்த விளிம்பில் சறுக்கும், இறங்காவிட்டால் பேருந்து உரசும். முடிவெடுக்க நமக்குக் கிடைப்பது ஒரு கணம். கடலோர ஊராதலால் ஓரத்தில் எந்நேரமும் மெல்லிய மணல் படிந்திருக்கும். மழைக்குப் பின் அம்மணல் மேலும் குவியும். வடிகால் மூடிகளுள் சில சாலைமட்டத்துக்கு மேலே, சில கீழே. நீண்ட கம்பியிடுக்குகள் சாலைக்கு இணையாக அமைந்த மூடியெனில் சைக்கிள் சக்கரம் அதனுள் சிக்கிக்கொள்ளும். அதே கம்பிகளைக் குறுக்காக வைத்திருந்தால் ஆபத்தில்லை. செலவும் ஒன்றே. அப்படி வைக்கவேண்டும் என்று நினைக்க, சைக்கிளில் செல்பவன் ஒருவன் நினைவில் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாலங்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சமதளத்தில் வாழும் நமக்கு மலையென்று இருப்பவை பாலங்களே. ஏற்றத்தில் சைக்கிளின் வேகம் நடையளவுக்குக் குறைகிறது. குறைந்த வேகத்தில் கைப்பிடி சற்றே ஆடும். சரியாக அவ்விடத்தில்தான் ஓரம் என்ற ஒன்றே இல்லாமற்போகிறது. ஒருபுறம் கைப்பிடிச்சுவர், மறுபுறம் வண்டிகள். இறங்கித் தள்ளிச் செல்லலாமென்றால், தள்ளிச் செல்பவர் ஓட்டிச் செல்பவரைக் காட்டிலும் இரு மடங்கு அகலம் எடுத்துக்கொள்வார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்து ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை பெய்தபோது, இரு ஆறுகளுக்கிடையே வாழ்வதன் பொருளை மீண்டும் உணர்ந்தோம். தாழ்ந்த தெருக்களெல்லாம் நீரில் மூழ்கிக் கிடந்த அந்நாட்களில் பாலம் எத்துணை இன்றியமையாதது என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு வாடை பிரிந்தோரை வருத்துவது, தென்றல் இன்பம் தருவது. தெற்கிலிருந்து வடக்கே வேலைக்குப் போய்த் தெற்கே வீடு திரும்புகிற சைக்கிள்காரருக்கு இரண்டும் ஒன்றே. ஐப்பசி கார்த்திகையில் காலையில் நகரை நோக்கி மிதிக்கையில் வடகிழக்குக் காற்று நெஞ்சில் மோதும். கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து எழும் கடற்காற்று, களைத்துத் திரும்புகிறவரின் முகத்தில் அறையும். எட்டு கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிடத்தில் கடப்பவருக்கு எதிர்காற்று நாளில் ஐம்பது நிமிடம் பிடிக்கும். தென்றலைப் பாடிய புலவர்களுள் எவரும் அதற்கு எதிரே மிதித்திருக்க மாட்டார்கள்! காற்றில் கலந்த உப்பு செயினையும் ரிம்மையும் அரிப்பது வேறு. வாரம் ஒருமுறை எண்ணெய் காட்டாத சைக்கிள் ஒரே மழைக்காலத்தில் முதுமை எய்திவிடும்.

இவ்வின்னல்களை உடல் பொறுத்துக்கொள்ளும். சற்று ஆழமாக வருத்துவது மற்றொன்று. 'வண்டி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மாட்டு வண்டி, குதிரை வண்டி, மிதிவண்டி என எல்லாவற்றையும் தழுவிநின்ற சொல் அது. இன்று வண்டி என்றால் மோட்டார் இருசக்கர வண்டி மட்டுமே. சைக்கிளைக் கையில் பிடித்தபடி நிற்கும் ஒருவரிடம், "வண்டி இல்லையா?" என்று முகமறிந்தவர்கள் பரிவோடு கேட்கிறார்கள். "இதோ இருக்கிறதே" என்று சைக்கிளைக் காட்டினால் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்கிறார்கள். மொழியிலேயே இடம் இழந்த ஒன்று சாலையில் இடம் இழப்பது வியப்பன்று. பெரிய கட்டடங்களின் வாயிலில் காருக்கும் வண்டிக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள். சைக்கிளை எங்கே நிறுத்துவதென்று வாயிற்காவலரிடம் கேட்டால், மூலையில் குப்பைத் தொட்டியின் பக்கம் கையைக் காட்டுவார். அவரும் சைக்கிளில் வந்தவராகவே இருப்பார்.

பழுது பார்க்கும் கடைகளும் அருகிவருகின்றன. மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விட்ட கடைகள், டியூபை நீரில் அமிழ்த்திக் குமிழியைத் தேடும் தொட்டிகள், கயிற்றில் தொங்கும் காற்றுப் பம்பு ஆகியவை நம் இளமையில் ஒவ்வொரு முச்சந்தியிலும் இருந்தன. இப்போது பஞ்சர் கடை என்ற பலகையை நம்பிப் போனால், அங்கே மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமே பார்க்கிறார்கள். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தான். ஆனால் வால்டியூப் வைத்த பழைய சைக்கிளின் மூக்கில் அந்தக் குழாய் பொருந்தாது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றையும் பெறமுடியாதவராக நிற்பதில் ஒரு கசப்பு உண்டு.

இவர்கள் சிறு தொகையினர்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம். மக்கள் வேலைக்கு எவ்வாறு செல்கிறார்கள் என்ற கேள்வி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெற்றது. வேளாண்மை, வீட்டுத் தொழில் நீங்கலான தொழிலாளருள் நடந்து சென்றவர்கள் 22.6 விழுக்காடு, சைக்கிளில் சென்றவர்கள் 13.1 விழுக்காடு, மோட்டார் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் 12.7 விழுக்காடு. அதாவது இரண்டு கோடியே அறுபது லட்சம் பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். 2021இல் எடுத்திருக்கவேண்டிய கணக்கு எடுக்கப்படவில்லை. அதற்குள் விகிதம் மாறியிருக்கலாம். ஆனால் 2011இல் சைக்கிளுக்கே பெரும்பங்கு இருந்தபோதும் ஓரம் இப்படித்தானே இருந்தது? ஆகவே எண்ணிக்கை குறைந்ததால் புறக்கணித்தார்கள் என்ற வாதம் நிற்காது. புறக்கணித்ததால் எண்ணிக்கை குறைந்தது என்பதே பொருந்தும். நாட்டில் ஆண்டுதோறும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் சாலை விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப அஞ்சிய பெற்றோர் கடன் வாங்கியாவது மொபெட் வாங்கித் தருகிறார்கள். இதனை வளர்ச்சி என்று கணக்கெழுதுகிறோம்.

கொள்கைகளுக்குக் குறைவில்லை. 2006இல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களைக் காட்டிலும் மனிதர்களின் நகர்வே முதன்மை என்று கூறி, சைக்கிளுக்கும் நடைக்கும் இடம் ஒதுக்கச் சொன்னது. சைக்கிள் தடங்களை எவ்வாறு அமைப்பதென இந்தியச் சாலைப் பேராயம் நெறிமுறை வகுத்து, 2015இல் திருத்தியும் வெளியிட்டது. நம் நகரோ பிரெஞ்சு மரபைப் பேணுவதில் பெருமை கொள்வது. தெருப்பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சு உண்டு, காவலரின் சிவப்புத் தொப்பியில் பிரெஞ்சு உண்டு. பிரான்சின் சாலை விதியோ, சைக்கிளை முந்துகிற வாகனம் ஊருக்குள் ஒரு மீட்டரும் ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் இடைவெளி விடவேண்டும் என்கிறது. தொப்பியைக் காப்பாற்றிய நாம் இந்த ஒன்றரை மீட்டரையும் கேட்டு வாங்கியிருக்கலாம். கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை மோட்டார் வாகனங்களைத் தடுத்து, உலாவுவோருக்கு வழிவிட இந்நகரால் முடிகிறது. நல்ல ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறோம். உலாவுவோருக்குக் கிட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கு உழைக்கப் போவோருக்கும் கிட்டலாகாதா என்பதே நம் கேள்வி.

வேகமே காலத்தை மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கையையும் சற்று உரசிப் பார்க்கவேண்டும். இவான் இல்லிச் 1973இல் ஆற்றலும் சமநீதியும் பற்றி எழுதியபோது ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கர் ஒருவர் காரில் அமர்ந்திருக்கும் நேரத்தோடு, அக்காரின் தவணைக்கும் எரிபொருளுக்கும் காப்பீட்டுக்கும் உழைக்கும் நேரத்தையும் கூட்டினால், அவர் கடக்கும் தூரம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவு. அக்கணக்கை நம் சாலையில் வைத்துப் பாருங்கள். நாள்கூலிக்காரர் ஒருவர் வண்டித் தவணைக்கென மாதத்தில் எத்தனை நாள் உழைக்கிறார்? அந்நாட்களையும் கூட்டினால், பாலத்தின்மீது சைக்கிளை முந்திச் சென்றவர் உண்மையில் முந்தவில்லை என்பது தெரியவரும்.

சைக்கிளை ஏழ்மையின் சின்னமாக மட்டும் காண்பவர்களுக்குப் புதுக்கோட்டையை நினைவூட்டலாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்த அம்மாவட்டத்தில், பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். குவாரித் தொழிலாளியும் செவிலியரும் எவர் துணையையும் எதிர்பாராது சென்றுவரலாயினர். அதே ஆண்டுகளில், எரிபொருள் மறுக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் நோயாளிகளையும் நெல் மூட்டைகளையும் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. 2022இல் இலங்கையில் பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது கொழும்பு வீதிகளிலும் சைக்கிள்கள் திரும்பி வந்தன. நெருக்கடி தீர்ந்ததும் மறந்துவிடக்கூடிய துணையாகவே அதை எல்லா ஊர்களும் நடத்துகின்றன.

நாம் கேட்பவை பெரியன அல்ல. ஐரோப்பிய நகரங்களைப் போல் தனித்தடம் கனவாகவே இருக்கட்டும். தார் போடும்போது ஓரத்தையும் சேர்த்துச் சமன்செய்யலாம். வடிகால் மூடியின் கம்பிகளைக் குறுக்கே திருப்பலாம். பாலத்தில் ஒரு முழ அகலம் கோடிட்டு ஒதுக்கலாம், இரவில் அங்கே விளக்கு எரியவிடலாம். வாரம் ஒருமுறை மணலை அள்ளலாம். வெட்டிய நிழல்மரங்களுக்கு ஈடாகச் சில நடலாம். அடுத்த முறை கடலூர் சாலையில் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பாலத்தின் ஏற்றத்தில் உங்களுக்கு முன்னே ஒருவர் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருப்பார். ஒலிப்பானை அழுத்தாமல், அவர் ஏறி முடிக்கும் வரை பின்னால் வாருங்கள். அரை நிமிடத்துக்குமேல் ஆகாது.