வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு

நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் போர் விமானம் தாமதம் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். “நமக்கு எதற்கு இந்த வேலை? நல்ல விமானத்தையும் நீர்மூழ்கிக் கப்பலையும் வெளிநாட்டில் வாங்கிவிட்டால் பணமும் மிச்சம், காலமும் மிச்சம்.” விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்வது வேதனையாக இருக்கிறது. அவர்கள் குறைசொல்லும் தாமதத்தில் பெரும்பங்கு, அவர்கள் பரிந்துரைக்கும் இந்த வழியால் வந்தது.

காலக்கணக்கைப் பார்ப்போம். தேஜஸ் திட்டத்துக்கு 1983இல் ஒப்புதல் கிடைத்தது. 2001இல் முதன்முறை பறந்தது. 2016இல்தான் விமானப்படையில் சேர்ந்தது. 33 ஆண்டுகள் என்று விரல் நீட்டுகிறார்கள். அதற்கு முந்தைய கதையை விட்டுவிடுகிறார்கள். ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான மாருத் போர் விமானம் 1961லேயே பறந்தது. ஏற்ற என்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த அனுபவத்தைக் கொண்டு அடுத்த போர் விமானத்தை உருவாக்கும் வேலையும் வரவில்லை, குழு சிதறியது. தேஜஸுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

“ஒப்பந்தத்தோடு தொழில்நுட்பமும் வந்துவிடுகிறதே?” வருகிறது, தங்குவதில்லை. 1981இல் ஜெர்மனியின் எச்டிடபிள்யூ நிறுவனத்துடன் நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். இரண்டு அங்கே, இரண்டு மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில். நம் ஆட்கள் ஜெர்மனிக்கே போய்ப் பயிற்சி பெற்றார்கள். நீர்மூழ்கியின் உடற்கூட்டை வெல்டிங் செய்வது சாதாரண வேலையல்ல. தடித்த எஃகைக் குறிப்பிட்ட அளவுக்குச் சூடேற்றி, அடுக்கடுக்காக உலோகத்தை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சிறு துளை தென்பட்டாலும் அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து மறுபடி வெல்டிங் செய்ய வேண்டும். இதைக் கற்றவர்கள் கட்டிய ஷல்கி 1992இலும் ஷங்குல் 1994இலும் கடற்படையில் சேர்ந்தன. இடையில் ஊழல் புகார் எழுந்து, அடுத்த கப்பல்களுக்கான ஆர்டர் வராமலே போயிற்று. 2005இல் பிரெஞ்சு ஸ்கார்பீன் நீர்மூழ்கிகளுக்குக் கையெழுத்திட்டபோது, படித்த பாடத்தையே மீண்டும் காசு கொடுத்துப் படித்தோம். முதல் கப்பலான கல்வரி 2017 டிசம்பரில்தான் கடற்படைக்கு வந்தது.

கேட்டதை எவரும் எப்போதும் விற்பார்கள் என்ற நம்பிக்கையும் நிற்காது. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு, தேஜஸின் பறத்தல் கட்டுப்பாட்டு அமைப்புக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இங்கே அதை முடித்ததால்தான் 2001இல் விமானம் பறந்தது. இன்றைய தாமதத்தையே பாருங்கள். 2021இல் தேஜஸுக்கான 99 என்ஜின்களுக்கு அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்தோம். முதல் என்ஜின் 2025 மார்ச்சில் வந்தது.

நாமே உருவாக்க முயன்ற காவேரி என்ஜின் பற்றிய விமர்சனத்தில் நியாயம் உண்டு. பல ஆண்டுகள் உழைத்தும் தேஜஸுக்கு வேண்டிய உந்துவிசையை அது எட்டவில்லை. ஆனால் பறக்கும் நிலையில் அதைச் சோதிக்க ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததே, சோதனை வசதிக்கு நாம் செலவிடாததன் விளைவல்லவா?

எனக்கு மிகவும் கவலை தரும் வாதம் கடைசியானது: “ஆளுக்கா பஞ்சம்? ஆர்டர் வந்ததும் எடுத்துப் பயிற்சி கொடுத்துக்கொள்ளலாம்.” ஆவடியில் அர்ஜுன் டாங்கி 124 செய்தார்கள். அடுத்த 118க்கு ஆர்டர் 2021இல்தான் வந்தது. இடைவெளியில் உதிரிபாகம் செய்துகொடுத்த சிறு பட்டறை என்ன செய்யும்? வங்கித் தவணை நிற்காது. தேர்ந்த ஆளைச் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கவும் முடியாது. அவர் கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போய்விடுவார். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைத்துத் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கி ஆண்டுகள் ஆகின்றன. அங்குள்ள பட்டறைகளுக்கு நிலமும் மானியமும் மட்டும் போதாது. ஐந்து, பத்து ஆண்டுக்கு எத்தனை எண்ணிக்கையில் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித்தரும் ஆர்டர் வேண்டும்.

2025 செப்டம்பரில் மேலும் 97 தேஜஸுக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதில் கடைசி விமானம் வெளிவருவதற்கு முன்பே அடுத்த ரக விமானத்தின் வேலை அதே ஆட்களின் கைக்கு வந்திருக்க வேண்டும்.