பல்லை எடுத்த பின் வீட்டில்

கடைவாய் ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்துவிட்டு, கன்னத்தைக் கையால் தாங்கியவாறு வீடு திரும்புகிறீர்கள். மருத்துவர் வைத்த பஞ்சுத் துணியை அரை மணி நேரமேனும் அழுத்திக் கடித்திருங்கள். இரத்தம் நின்றதாவெனக் காண அதனை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதே நம்மில் பலர் செய்யும் தவறு. முதல் நாள் எச்சில் சற்றே சிவந்திருப்பது இயல்பு.

பல் இருந்த குழியில் உறையும் இரத்தக்கட்டியே அப்புண்ணுக்கு இயற்கை இடும் மூடி. கீழுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் காப்பது அதுவே. முதல் 24 மணி நேரத்தில் வாய் கொப்பளித்தல், வலிந்து துப்புதல், குழலிட்டு உறிஞ்சுதல் ஆகியன அதனைப் பெயர்த்துவிடக்கூடும். பீடி, சிகரெட்டைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? கட்டி பெயர்ந்தால் மூன்றாம் நாளளவில் காதுவரை பரவும் கடும்வலி தோன்றும். வழக்கமான மாத்திரைக்கு எளிதில் அடங்காது. அப்போது மருத்துவரிடம் திரும்பச் செல்வதே வழி.

"அவ்வாறாயின் உளூச் செய்வது எங்ஙனம்?" என வினவுவீர்கள். உளூவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் சுன்னத்தேயாம். குளிப்புக் கடமையானோர் மட்டும் தத்தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. மிஸ்வாக்கும் காயத்தின் பக்கம் சில நாள் செல்லலாகாது.

வீட்டுப் பெரியவர்கள் பரிவோடு வெந்நீர் ஒத்தடம் கொண்டு வருவர். முதல் நாள் வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் வெளியே 15 நிமிடம் வைத்து, அவ்வளவே இடைவெளி விடுங்கள். வீக்கம் இரண்டு, மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து பின்னர் வடியும். கிராம்புத் தைலத்தைக் காயத்தில் ஊற்றுவதும் தீங்கே, தசை வெந்துபோகக்கூடும்.

மரப்பு நீங்கும்வரை எதையும் மெல்லாதீர்கள். உதட்டைக் கடித்துக்கொள்வது தெரியாது. பின்னர் ஆறிய கஞ்சி, தயிர், குழைந்த சோறு போதும். மறுநாள் முதல், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் வாயில் ஏந்தி மெல்ல வழியவிடுங்கள்.

இரவில் மீண்டும் இரத்தம் கசிந்தால், தலையை உயர்த்தி அமர்ந்து, தூய துணியை நனைத்து மடித்து அரை மணி நேரம் கடித்திருங்கள். அதற்கும் நில்லாவிடில் மருத்துவமனை செல்க. இதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதனைத் தாமாக நிறுத்துதல் பேராபத்து. பல் எடுக்குமுன்பே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டாலும், காய்ச்சலுடன் வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலும், விடியட்டும் எனக் காத்திராதீர்கள்.