ஒன்பது துண்டுகளில் ஒரு தொடக்கம்



தீபத் திருவிழா முடிந்து மார்கழிப் பனி மலையடிவாரத்தில் இறங்கும்போது, நம் திருவண்ணாமலை வீடுகளில் போர்வைகள் பெட்டியை விட்டு வெளிவருகின்றன. அதே நாள்களில் தையற்கடைகளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என அடுத்தடுத்துத் துணிகள் வெட்டப்படுகின்றன. வெட்டிய துண்டுகள் மூலையில் குவிகின்றன. போர்வை வேண்டும் காலமும் துண்டுத் துணி மலிந்த காலமும் ஒன்றாய் வருவதால், ஒட்டுப் போர்வை தைக்கப் புத்தாண்டே ஏற்ற தொடக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் தொடங்கினோம். தொடங்கிய விதம்தான் தவறு. மறைந்த அன்னையின் நூற்புடவைகளைக் கொண்டு, எடுத்த எடுப்பிலேயே கட்டில் நிறையும் போர்வை தைக்க முனைந்தோம். அழகுக்காகத் தையற்கடைப் புதுத் துண்டுகளை, நனைத்துக் காயவைக்காமலே, இடையிடையே சேர்த்தோம். முதற் சலவையிலேயே புதுத் துணி சுருங்கிற்று. அதன் இழுப்புத் தாங்காமல் அன்னையின் புடவை தையலோரமெங்கும் கிழிந்தது. கோடித் துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப் போடலாகாது என்னும் நற்செய்தி உவமையை எத்தனை முறை கேட்டிருப்போம்! காதுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை. எஞ்சிய புடவைகளை மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் இட்டோம். நல்ல இயந்திரம் வாங்கிய பின், நல்ல கருவிகள் வாங்கிய பின் என்று ஆண்டுதோறும் அதற்குத் தவணை சொல்லி வந்தோம்.

கருநாடக மாநிலத்துச் சித்தி இனப் பெண்களைப்பற்றி அறிந்தபோது நமக்கு வெட்கமே உண்டாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் இவர்கள். கோவாவில் போர்த்துக்கீசியரிடமிருந்து தப்பிக் காடு புகுந்தோரும் இவர்தம் முன்னோருள் உண்டு. வட கன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் இவர்களுள் இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் ஆகிய மூவகையினரும் உளர். இப்பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். பழம்புடவை ஒன்றை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கந்தைத் துண்டுகளை ஓரம் மடித்து வைத்து, கையாலேயே ஓட்டுத் தையலிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வருவர். அளவுகோலும் இல்லை, அட்டையும் இல்லை. முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணிகளைப் 'பூ' என வைத்துத் தைப்பர். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையற்றது. கத்தோலிக்கக் குடும்பத்தார் சிலர் சிலுவை வடிவையும் இடையே வைப்பதுண்டு. ஊசியும் நூலும் கந்தையும் அவர்களுக்குப் போதுமாயிருக்க, நாம் எதற்காகக் காத்திருந்தோம்?

ஆகவே இவ்வாண்டு, வீட்டில் உள்ளவற்றையே கருவியாக்கினோம். சென்ற ஆண்டு நாள்காட்டியின் அட்டையில் 4½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டினால் அச்சு ஆயத்தம். தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டே கோடிடும் சுண்ணம். துவைத்தால் தடமின்றிப் போகும். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியில் நூலை ஒருமுறை இழுத்தால் சிக்கு விழாது. தையற்காரர் அணியும் அங்குஸ்தானுக்குப் பதிலாக, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தை விரலுக்கு இட்டுக்கொள்ளலாம். கயிறு அறுந்த கட்டிலின் சட்டம், போர்வையை இழுத்துக் கட்டித் தைக்க உதவும்.

துணியில் மட்டும் கவனம் வேண்டும். எல்லாத் துண்டுகளையும் முதலில் நனைத்து, சாயம் போகிறதா எனப் பார்த்து, உலர்த்திக்கொள்க. ஆரணிப் பட்டின் துண்டு கண்ணைக் கவரும். ஆயினும் பட்டையும் நூலையும் ஒரே போர்வையில் கலவாதீர். இற்றுப்போன பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, உறுதியான பகுதியையே எடுங்கள்.

அச்சை வைத்து ஒன்பது துண்டுகள் வெட்டி, மும்மூன்றாக, கால் அங்குலம் உள்விட்டுத் தைத்தால், ஓரம் மடித்தபின் 12 அங்குலச் சதுரம் கிடைக்கும். பழந்துணியை உள்ளே மடித்து வைத்து, அடித்துணி சேர்த்து ஓட்டுத் தையலிட்டால், சூடான பாத்திரம் இறக்கி வைக்கும் விரிப்பு ஆயிற்று. அதற்கு நூல்துணியே ஆகும். நைலான் கலந்தது உருகிவிடும். அடுத்து, இத்தகைய ஒன்பது சதுரங்களை இணைத்தால் குழந்தைக்கு ஒரு விரிப்பு. 35 சதுரங்கள் சேர்ந்தால் 5 அடி அகலமும் 7 அடி நீளமும் உள்ள போர்வை. வாரம் ஒரு சதுரமாகத் தைத்தால், செப்டம்பரில் அன்னையின் பிறப்பு விழா வருவதற்குள் 35-ம் முடியும். இணைப்பதற்கும் ஓட்டுத் தையலுக்கும் எஞ்சிய மாதங்கள் உள்ளன. அடுத்த மார்கழிக்குப் போர்வை தோளில் இருக்கும். முதற்சதுரம் கோணலானால் இழப்பு ஒன்பது துண்டுகளே. முழுப்போர்வை கெட்டால் மனமும் கெட்டுவிடும் என்பதை நாம் பட்டறிந்தோம்.

புத்தாண்டு நாளன்று மூட்டையை அவிழ்த்தோம். முன்பு கிழிந்த நீலப் புடவையிலேயே ஒன்பது துண்டுகள் தேறின. நமது முதல் விரிப்பு சற்றே கோணல்தான். எனினும் இன்று காலை கஞ்சிப் பானையை அதன்மீதே இறக்கி வைத்தோம். மூட்டை இம்முறை பரணுக்குத் திரும்பவில்லை. உங்கள் இல்லத்துப் பரணிலும் ஒரு மூட்டை இருக்கக்கூடும், சகோதரிகளே. இந்த வாரமே அவிழ்த்துப் பாருங்கள். ஒன்பது துண்டுகள் போதும்.