முப்பத்திரண்டு அசைவுகள்

1909 அக்டோபர் 26ஆம் தேதி மஞ்சூரியாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஆன் ஜுங் குன் என்ற கொரிய இளைஞர், ஜப்பானின் முன்னாள் பிரதமர் இதோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்றார். கொரியாவை ஜப்பானின் பிடிக்குள் கொண்டுவந்த முதல் ரெசிடென்ட் ஜெனரல் இந்த இதோதான். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ஆன் தூக்கிலிடப்பட்டார். பிறந்தவுடனேயே ஒரு வயது என்று எண்ணும் கொரியக் கணக்குப்படி அப்போது அவருக்கு வயது 32.

டேக்வாண்டோவில் அவர் பெயரால் ஒரு கோர்வை உண்டு. சரியாக 32 அசைவுகள். எதிராளி இல்லாமல், தரையில் வரையாத ஒரு கோட்டின் மேல் முன்னும் பின்னும் திரும்பி, தடுத்து, குத்தி, உதைத்து முடிக்க வேண்டும். ஆன் யார், எதற்காகச் செத்தார் என்று அதிகம் தெரியாத அர்ஜென்டினாவிலும் போலந்திலும் பள்ளிப் பிள்ளைகள் மாலை வேளைகளில் இதைச் செய்து வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தக் கோர்வையைத் தன் ராணுவ சகாக்களுடன் சேர்ந்து வகுத்த ஜெனரல் சோய் ஹாங் ஹி, ஜப்பானில் மாணவராக இருந்தபோது கராத்தே கற்றவர். அவருடைய 24 கோர்வைகளில் உள்ள நிலைகள், தடுப்புகள், திருப்பங்கள் பலவற்றுக்கும் தாய்வீடு அந்தக் கராத்தேதான். ஜப்பானியரைச் சுட்ட தியாகிக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தின் செங்கற்கள் ஜப்பானியச் சூளையில் வெந்தவை.

வேறு வழியும் இருக்கவில்லை. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் வசம். அந்த நாட்களில் மேல்படிப்புக்கு ஜப்பான் சென்ற கொரிய இளைஞர்கள் சிலர் கராத்தேயுடன் திரும்பினார்கள். சியோலில் 1944இல் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் 'க்வான்' என்ற பெயரில் பயிற்சிக்கூடங்கள் முளைத்தன. அங்கே சொல்லித்தரப்பட்ட 'பியோங் ஆன்' கோர்வைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்கோ இதோசு என்ற ஒகினாவா ஆசான் பள்ளிச் சிறுவர்களுக்காக அமைத்தவை அவை. 'அமைதி' என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகளை ஒகினாவாவில் 'பினான்' என்று படித்தார்கள். ஜப்பானில் ஃபுனகோஷி முதல் இரண்டு கோர்வைகளின் வரிசையை இடம் மாற்றி 'ஹெய்யான்' என்றார். கொரியர்கள் அதே எழுத்துகளைத் தங்கள் உச்சரிப்பில் 'பியோங் ஆன்' என்று படித்தார்கள். எழுத்து அதே எழுத்து. கால் வைக்கும் இடமும் பெரும்பாலும் அதேதான்.

1955இல் டேக்வாண்டோ என்ற பெயர் சூட்டப்பட்டது. அதன் பிறகு தொடங்கியது, அதற்கு இரண்டாயிரம் வருட வயது தேடும் படலம். கோகுர்யோ காலத்துக் கல்லறை ஒன்றின் சுவரோவியத்தில் இரண்டு பேர் கையை நீட்டி எதிரெதிரே நிற்கிறார்கள். அதுவே சான்று என்றார்கள். சதிர் என்பது 1930களில் பரதநாட்டியம் என்று பெயர் மாறியதையும், கையோடு அதற்கொரு தொன்மை வரலாறு எழுதப்பட்டதையும் பார்த்த நமக்கு இந்தப் படலம் புதிதல்ல.

இத்தனைக்கும் கொரியர்கள் கடன் வாங்குவதற்குக் கூச்சப்பட்டவர்களே இல்லை. 1790இல் மன்னர் ஜியோங்ஜோவின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட 'முயே தோபோ தோங்ஜி' என்ற போர்க்கலை நூலில் 24 பயிற்சிகள் படங்களுடன் விளக்கப்படுகின்றன. பெரும்பாலும் ஆயுதப் பயிற்சி. வெறுங்கைச் சண்டைக்கு ஒரு பகுதிதான். அதில் 'ஜப்பானிய வாள்' என்று பெயர் சொல்லியே ஒரு பயிற்சி இருக்கிறது. 1592இல் படையெடுத்து வந்து நாட்டைச் சூறையாடியவர்களின் வாள்முறை! எதிரியிடம் உருப்படியான ஒன்று இருந்தால் கற்றுக்கொள், யாருடையது என்பதையும் எழுதி வை என்பது அந்தத் தொகுப்பாளர்களின் மனோபாவம். 1957இல் ஒரு நூலகத்தில் இந்நூலைக் கண்டெடுத்த ஹ்வாங் கீ என்ற ஆசான், அதன் துணையோடு சில்சுங், யுக்ரோ என்று புதிய கோர்வைகளை அமைத்தார். அவருடைய மாணவர் பரம்பரை அவற்றையும் செய்கிறது, ஒகினாவாவிலிருந்து வந்த பியோங் ஆனையும் செய்கிறது. என்னைக் கேட்டால், சுவரோவியத்தை விட இந்த ஏற்பாடு நேர்மையானது.

எல்லாம் சரி, ஐம்பது அறுபது வயதுள்ள ஒரு கோர்வையைப் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு பயிற்சிக்கூடத்தின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

தென் கொரிய முறையில் தொடக்க நிலை மாணவர் கற்கும் முதல் கோர்வை 'தேகுக் இல் ஜாங்'. 1970களின் தொடக்கத்தில், சோய் நாட்டை விட்டு வெளியேறிய காலகட்டத்தில், வேறு ஆசான்கள் குழுவாக அமர்ந்து உருவாக்கியது. 18 அசைவுகள். ஒரு நிமிடம் கூடப் பிடிக்காது. இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு எட்டு வைத்துக் குத்து. பின்னால் முழுதாகத் திரும்பி அதே தடுப்பு, அதே குத்து. நடுவில் இரண்டே இரண்டு முன் உதைகள். கடைசிக் குத்தில் ஒரு முழக்கம். எட்டு வயதுக் குழந்தை இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடும்.

மனப்பாடம் ஆன பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. கீழ்த்தடுப்பில் முஷ்டி எங்கே நிற்க வேண்டும்? முன்காலின் தொடைக்கு மேல் இரண்டு முஷ்டி இடைவெளியில். மேல்தடுப்பில் கை நெற்றிக்கு முன்னால் ஒரு முஷ்டி தூரத்தில். நிலை என்பது சாதாரணமாக நடக்கும்போது விழும் ஓர் எட்டின் நீளம். அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. சாதாரணமாக நடக்கச் சொன்னால் யாராலும் சாதாரணமாக நடக்க முடிவதில்லை என்பதைப் புகைப்படக்காரர்கள் அறிவார்கள்.

பிறகு நேரம். கை முந்திக்கொள்ளும், கால் இன்னும் தரையில் அமர்ந்திருக்காது. எடையில்லாத தடுப்பு வெறும் கையசைப்பாகிவிடும். அதைத் திருத்தினால் கால் முதலில் விழுந்து, கை தாமதமாக வரும். இரண்டும் ஒரே கணத்தில் முடியச் சில மாதங்கள். அது கைகூடியதும் ஆசான் கண்களைப் பிடிப்பார்: உடம்பு திரும்புமுன் பார்வை திரும்ப வேண்டும். அதன்பின் தோள். குத்தும்போது தோள் காது பக்கம் ஏறும். ஏறியது செய்பவருக்குத் தெரியாது. கடைசியாக, யாரும் பார்க்காத கை. ஒரு கை குத்தும்போது மற்றது இடுப்புக்கு இழுபட வேண்டும். இழுக்கும் கை சோம்பேறியானால் குத்தும் கையில் பாதி வலுதான் இருக்கும். நல்ல ஆசான்கள் குத்தைப் பார்ப்பதே இல்லை. இழுக்கும் கையைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தத் திருத்தங்களில் ஒன்றாவது புதிதாக எதையும் சேர்க்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் எதையோ நீக்குகிறது. தேவையற்ற ஆட்டம், முன்கூட்டிய இறுக்கம், அலங்காரமான ஒரு மணிக்கட்டுச் சுழற்சி. பயிற்சியைக் கொரியர்கள் 'சுர்யோன்' என்கிறார்கள். அதை எழுதும் சீன எழுத்துகளில் ஒன்றுக்கு உலோகத்தைக் காய்ச்சிப் பதப்படுத்துவது என்று பொருள். கருப்பு பெல்ட் வாங்கி இருபது வருடம் ஆனவர்கள் இந்த முதல் கோர்வைக்குத் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பணிவு என்று சொல்வார்கள். பாதி உண்மை. சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடச் சொன்னால் பெரிய வித்வானின் குறையும் ஒளிய இடமின்றி நிற்கும் அல்லவா, அதுதான் மீதிப் பாதி.

சண்டைக்கு இது உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2000இல் சிட்னியில் பதக்க விளையாட்டான ஒலிம்பிக் டேக்வாண்டோவில் இருப்பது இருவர் மோதும் போட்டி மட்டும். மார்புக் கவசத்தில் மின்னணுக் கருவி வந்த பிறகு, வீரர்கள் முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாள்வீச்சுக்காரர்கள் போல் ஒருவரையொருவர் சீண்டுகிறார்கள். தேகுக் கோர்வையின் கீழ்த்தடுப்பை அங்கே பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். மோதல் ஒரு பக்கம் போய்விட்டது, கோர்வை தனியாக ஒரு பக்கம் வந்துவிட்டது. ஆனால் மோதலுக்கு வயது வரம்பு உண்டு, முழங்கால் வரம்பும் உண்டு. கோர்வைப் போட்டிகளிலோ 65 வயது தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

கோர்வைக்கான உலகப் போட்டி 2006இல் சியோலில் தொடங்கியது. மொத்தம் பத்துப் புள்ளி. துல்லியத்துக்கு நான்கு, வெளிப்பாட்டுக்கு ஆறு. சிறு பிசகுக்கு 0.1, பெரிய பிசகுக்கு 0.3 கழிவு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இது பதக்கப் பிரிவானது. நம் நாட்டுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு: அருணாச்சலப் பிரதேசத்தின் ரூபா பாயோர் 2024இல் வியட்நாமின் தா நாங் நகரில் நடந்த ஆசியக் கோர்வைப் போட்டியில் தனிநபர் வெண்கலம் வென்றார். கிரிக்கெட் பக்கங்களுக்கு நடுவே அந்தச் செய்தி பலர் கண்ணில் பட்டிருக்காது.

போட்டி வந்தால் பார்வையாளரும் நடுவரும் வருவார்கள். அவர்கள் வந்தால் உதை உயரும். கருப்பு பெல்ட்டின் முதல் கோர்வையான 'கோர்யோ'வில் ஒரே காலால் அடுத்தடுத்து இரண்டு பக்க உதைகள் வரும். முதலாவது முழங்கால் மட்டத்தில், இரண்டாவது உடல் மட்டத்தில் என்பது விதி. பொருள் தெளிவு: முழங்காலை உடை, குனிபவனைச் சாய். இன்று போட்டி மேடையில் இரண்டாவது உதை தலைக்கு மேல், கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கிறது. கடிகார முள் பன்னிரண்டைத் தொட்டது போல. அதைச் செய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்த உதை யாரை உதைக்கிறது? எதிரி ஏணி மேல் நின்றால்தான் உண்டு. பதம் பார்த்து நீக்குவதற்கும் கைதட்டலுக்காகக் கூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே கண்கூடு.

கூட்டியவர்களில் படைத்தவர்களும் அடக்கம். 1980களில் ஜெனரல் சோய் தன் கோர்வைகளின் ஒவ்வொரு அசைவிலும் ஓர் அலையை வலியுறுத்தத் தொடங்கினார். முழங்காலைத் தளர்த்தி உடலைச் சற்றுத் தாழ்த்து, எழுப்பு, மீண்டும் இறக்கி அடி. உடல் எடை முழுவதும் அடியில் சேரும் என்பது அவர் விளக்கம். கராத்தேயில் தலை ஒரே மட்டத்தில் நகரும். அந்தச் சாயலை அழிக்கவும் இந்த அலை உதவியது. இருபது வருடம் தலையை அசைக்காமல் பழகிய மூத்த மாணவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். சிலர் ஏற்றுக்கொண்டார்கள். சிலர், ஜெனரல் முதலில் சொல்லித்தந்ததே எங்களுக்குப் போதும் என்று விலகினார்கள். ஆசானுக்கு எதிராக ஆசானின் பழைய பாடத்தையே காத்து நின்றவர்கள் அவர்கள்.

அலையாவது உடம்போடு போயிற்று. பெயர் விவகாரம் அப்படியல்ல. சோயின் 24 கோர்வைகளில் ஒன்று 'கோடாங்', 39 அசைவுகள். கோடாங் என்பது சோ மான் சிக்கின் புனைபெயர். ஜப்பானிய ஆட்சியை எதிர்த்த கிறிஸ்தவ தேசியவாதி. 1946 ஜனவரியில் சோவியத் அதிகாரிகள் அவரை பியோங்யாங்கில் சிறை வைத்தார்கள், மீண்டு வரவில்லை. தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீயுடன் முரண்பட்டு 1972இல் கனடாவில் குடியேறிய சோய், 1980இல் தன் குழுவை வட கொரியாவுக்கு அழைத்துச் சென்றார். பியோங்யாங்கில் கோடாங் எப்படி எடுபடும்? சில ஆண்டுகளில் அந்தக் கோர்வை நீக்கப்பட்டு, 45 அசைவுகளுடன் புதிய ஒன்று வந்தது. பெயர் 'ஜூச்சே'. கிம் இல் சுங்கின் அரசியல் சித்தாந்தத்தின் பெயர்.

2002 ஜூனில் சோய் பியோங்யாங்கிலேயே இறந்தார். அவருடைய சர்வதேச சம்மேளனம் பல துண்டுகளாகியது. ஒவ்வொன்றும் தானே உண்மையான வாரிசு என்கிறது. ஒரு பிரிவில் ஜூச்சே அப்படியே இருக்கிறது. பழைய கோடாங்கையே விடாமல் செய்பவர்களும் ஆங்காங்கே இருக்கிறார்கள். இன்னொரு பிரிவு, ஜூச்சேயின் 45 அசைவுகளை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் கோடாங் என்று திருப்பிவிட்டது. பியோங்யாங்கில் பிறந்த கோர்வைக்கு, பியோங்யாங்கில் சிறைப்பட்டவரின் பெயர்.

அந்தக் கோர்வையில் நெஞ்சுயர உதை ஒன்றை மிக மெதுவாக, வேகத்தின் உதவியே இல்லாமல் நீட்டி மடக்க வேண்டிய இடம் உண்டு. ஒற்றைக் காலில் நிற்பவரின் தொடை நடுங்கும். எந்தப் பெயரில் செய்தாலும் நடுங்கும். ஆசான் அருகில் வந்து, இழுக்கும் கை இடுப்பில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.