யார் கழுத்தில் இந்தச் சுருக்கு?

கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் ஒரு லேத், இரண்டு லேத் போட்டு, பம்புக்கும் மோட்டாருக்கும் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் ஏராளம். இவற்றின் சொந்தக்காரர்களில் பலர் நேற்றுவரை கூலிக்கு வேலை பார்த்தவர்கள். மூலப்பொருள் கம்பெனியுடையது, விலை வைப்பதும் கம்பெனியே. இவர்களுடையது வியர்வையும் கடனும்தான். இவர்களை முதலாளிகள் என்பது கேலிக்கூத்து!

2017 ஜூலை 1-ல் வந்த ஜி.எஸ்.டி. இவர்களுக்குச் செய்தது என்ன? ஜாப் ஒர்க் சரக்கல்ல, சேவை என்கிறது சட்டம். எனவே 2019-ல் சரக்கு விற்போருக்கு வரிப்பதிவு வரம்பு 40 லட்சமாக உயர்ந்தபோது, இவர்களுக்கு 20 லட்சத்திலேயே நின்றுவிட்டது. இடைவிடாத கோரிக்கைகளுக்குப் பின், 2019 அக்டோபரில் வரி 18 சதவீதத்திலிருந்து 12 ஆனது. 2025 செப்டம்பர் 22-ல், "சேமிப்புத் திருவிழா" என்று சர்க்கார் கொட்டு முழக்கிய அதே நாளில், மீண்டும் 18 ஆக்கிவிட்டார்கள்!

கணக்குப் பாருங்கள். பட்டறைக்காரர் ஒரு லட்சம் ரூபாய்க்கு வேலை செய்து பில் போடுகிறார். வரி 18,000 ரூபாய். மூலப்பொருள் கம்பெனியுடையது என்பதால், கழித்துக்கொள்ள அவரிடம் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். தவறினால் வட்டி 18 சதவீதம், நாள் கணக்கில் அபராதம் வேறு. கம்பெனி பணம் தருவதோ மூன்று, நான்கு மாதம் கழித்து. ஆனால் அந்த 18,000 ரூபாயைத் தன் வரியில் கம்பெனி முன்கூட்டியே கழித்துக்கொள்ளலாம். ஏழை கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார், பணக்காரன் அனுபவிக்கிறான்.

45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. சிறியவனை விரட்டும் சட்டத்துக்குப் பல் இருக்கிறது; பெரியவனைக் கட்டும் சட்டத்துக்குப் பல் இல்லை.

இந்தச் சுருக்கைத் தளர்த்தாத சர்க்கார், "கட்டுப்பாடுகளைக் குறைக்கிறோம்" என்று எதைக் குறைத்திருக்கிறது? தொழிலாளியின் பாதுகாப்பை! 2025 நவம்பர் 21-ல் அமலான சட்டத் தொகுப்புகளின்படி, மின்சாரத்தில் இயங்கும் பட்டறை "தொழிற்சாலை" ஆக 10 பேர் போதாது, 20 பேர் வேண்டும். ஆலையை மூட அனுமதி கேட்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆகிவிட்டது. 299 பேர் வேலை செய்யும் மில் என்ன, சிறு பட்டறையா? சிறியவர் பெயரைச் சொல்லிப் பெரிய முதலாளிக்குப் பந்தி பரிமாறுகிறார்கள்.

பட்டறைக்காரருக்கும் ஒரு வார்த்தை. நெருக்கடி வந்ததும் லேத் ஓட்டும் பையனின் கூலியில் கை வைப்பது வழியல்ல. அவன் கிராமத்தில் வேலை கிடைக்காமல் வந்த விவசாயத் தொழிலாளியின் மகன். உங்களை நெரிக்கும் கை அவனுடையதல்ல.

பணம் கைக்கு வந்த பிறகே வரி கேட்க வேண்டும். ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு உள்ளதுபோல் 5 சதவீத வரி போதும். வரம்பு 40 லட்சமாக உயர வேண்டும். பில்கள் எல்லாம் சர்க்காரின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. 45 நாளில் பணம் கொடுத்தாயா என்று பெரிய கம்பெனியைச் சர்க்காரே கேட்கட்டும். தொழிலாளியின் பாதுகாப்பில் மட்டும் எவரும் கை வைக்கக் கூடாது.

மில் தொழிலாளியும், விவசாயத் தொழிலாளியும், பட்டறைக்காரரும் சேர்ந்து இக்கோரிக்கைகளை எழுப்பட்டும். சுருக்கு தானாக அவிழாது, அவிழ்க்க வேண்டும்.